மரக்கடைசலை நிகழ்படமாகப் பதிதல்

மரக்கடைசலை நிகழ்படமாகப் பதிதல் என்பது, கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தை உளியால் உருவமைக்கும் தொழிலைப் பட்டறையிலேயே நிகழ்படக் கருவியால் பதிவு செய்வதாகும். தமிழ்நாட்டில் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களும், கருநாடகத்தில் சென்னப்பட்டணம் பொம்மைகளும் கடைசல் முறையில் செய்யப்படுகின்றன. இத்தொழில் பெரும்பாலும் பார்த்தும் செய்தும் கற்கப்படுவது. உளியின் சாய்வையும் கையின் பிடியையும் எழுத்தால் முழுமையாக விளக்க இயலாது. எனவே உளி மரத்தைத் தொடும் இடம் தெளிவாகத் தெரிவதே நல்ல பதிவின் முதல் தேவையாகும்.

கருவியை நிறுத்தும் இடம்

இரண்டு கோணங்கள் பயனுள்ளவை. மின்னோடிக்கு எதிர்முனையிலிருந்து அச்சின் வழியே பார்த்தால் உளியின் உயரமும் சாய்வும் தெரியும். மேலிருந்து பார்த்தால் உளி மரத்தின் நீளவாக்கில் நகரும் பாதை தெரியும். ஒரே கருவி இருப்பின் ஒரு பொருளை இருமுறை கடைந்து இரு கோணங்களையும் பதியலாம்.

கருவியை இயந்திரத்தின் மேலோ அதே மேசையிலோ பொருத்தினால் அதிர்வு படத்தில் தெரியும். தனி முக்காலியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தொலைவில் நிறுத்தி, வில்லையின் உருப்பெருக்கத்தால் அண்மைக் காட்சியைப் பெறுதல் நன்று. பறக்கும் சீவல்கள் தானியங்கிக் குவியத்தை ஏமாற்றும். ஆகையால் குவியத்தை உளிமுனையில் கைமுறையாக நிலைநிறுத்த வேண்டும்.

ஒளியும் சுழற்சித் தோற்றமும்

இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 எர்ட்சு. சாதாரண சோக்கு பொருத்திய குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நொடிக்கு 25 படச்சட்டங்களும், 1/50 அல்லது 1/100 நொடி ஷட்டர் வேகமும் வைத்தால் படத்தில் ஒளி துடிப்பதில்லை. 30 படச்சட்டங்களும் 1/60 நொடியும் வைத்தால் துடிப்போ பட்டைகளோ தோன்றலாம்.

நான்கு முனை மின்னோடி பொதுவாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 1440 சுற்றுகள், அதாவது நொடிக்கு 24 சுற்றுகள் சுழலும். மரமும் அதே வேகத்தில் சுழன்றால், 25 படச்சட்டப் பதிவில் அது நொடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றும். இது ஸ்ட்ரோபோஸ்கோப் விளைவு எனப்படும்.

இவ்விளைவு வெறுங்கண்ணுக்கும் ஏற்படக்கூடும். சதுரக் கட்டையின் நான்கு மூலைகள் நொடிக்கு 96 முறை ஓரிடத்தைக் கடக்கின்றன. இது விளக்கின் 100 துடிப்புகளுக்கு மிக நெருக்கமானது. எனவே வேகமாகச் சுழலும் கட்டை மெல்ல நகர்வதாகவோ நிற்பதாகவோ தோன்றி, தொடுபவரின் விரலைக் காயப்படுத்தலாம். படப்பிடிப்புக்கெனக் குழல்விளக்குகளைக் கூட்டும்போது இதனை மறக்கலாகாது. மின்னணுச் சோக்கு பொருத்திய விளக்கோ, உளியருகே ஓர் இழை விளக்கோ இவ்விளைவைக் குறைக்கும்.

நிறம்

சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகிறது. சென்னப்பட்டணத்தில் இதனைத் தாழை மடலால் மெருகேற்றுவர். அரக்கின் நிறம் படச்சட்டத்தில் பரவும்போது தானியங்கி வெண்சமநிலை மாறிவிடும். தொடக்கத்திலேயே வெள்ளைத் தாளைக் காட்டி அதனை நிலைநிறுத்துவது வழக்கம்.

ஒலி

உளி சரியாக வெட்டுகிறதா, சுரண்டுகிறதா என்பதை ஒலியாலும் அறியலாம். ஆதலால் ஒலிவாங்கியை மின்னோடியிலிருந்து விலக்கி, கடைபவரின் சட்டையில் பொருத்துவர். ஒலிவாங்கியின் கம்பியைச் சட்டைக்குள் செலுத்த வேண்டும். ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காலத்தில் பலத்த காற்று வீசும். அங்கு திறந்த பட்டறையில் பதிவு செய்ய ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பு உறை தேவை.

பாதுகாப்பு

* பிடி தளர்ந்த மரம் பெரும்பாலும் அச்சுக்குச் செங்குத்தான திசையில் தெறிக்கும். அத்திசையில் ஆளோ கருவியோ இருத்தல் கூடாது.
* மின்கம்பிகளைக் கடைபவரின் காலடியில் விடாது சுவரோரமாகக் கட்ட வேண்டும்.
* வில்லையின் முன் நிறமற்ற வடிகட்டி பொருத்த வேண்டும். மரத்தூளைத் துணியால் துடைக்காது ஊதி அகற்ற வேண்டும்.
* கருவியைச் சரிசெய்ய இயந்திரத்தை அணுகுமுன், மின்னோடியை நிறுத்தி, மரம் முற்றிலும் நின்றதை உறுதிசெய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* கடைசல் இயந்திரம்
* சொப்புச் சாமான்
* நிகழ்படம்