சோறு போட்டால் சிறை: வேதாரணியப் பாதயாத்திரையில் கும்பகோணம்



நாம் ஒரு நாள் வகுப்பில் உப்புச் சத்தியாக்கிரகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டுப் படத்தைச் சுவரில் மாட்டி, திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் வரை கோலால் கோடு காட்டினோம். "150 மைல். அத்தனையும் நடை" என்றோம். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அத்தனை பேருக்கும் வழியில யாரு சார் சோறு போட்டாங்க?" என்று கேட்டாள். பால்மரம் வெட்டப் போன தாய் திரும்புவதற்குள் வீட்டில் உலை வைத்துப் பழகிய பிள்ளை. அவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்றியது. நாம் கையில் வைத்திருந்த பாடநூலில் அதற்கு விடை இல்லை. ஆயினும் அந்தப் பயணத்தின் உயிரே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவில் உப்புக்கு வரி இருந்தது. கடலோரத்தில் வாழும் ஏழைகூட, காலடியில் விளையும் உப்பைத் தானாக அள்ளக் கூடாது. இதை எதிர்த்துக் காந்தியடிகள் 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, தண்டிக் கடற்கரையில் ஏப்ரல் 6ஆம் நாள் உப்பு எடுத்தார். தெற்கே அதே போராட்டத்தை நடத்தும் பொறுப்பை ராஜாஜி ஏற்றார். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் அவர் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. மெலிந்த உடல், கையில் ஒரு கோல். தொண்டர்கள் நடந்துகொண்டே பாடுவதற்கு நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். 150 மைல் என்றால் நம் நாட்டுக் கணக்கில் கோலாலம்பூரில் புறப்பட்டு ஈப்போவையும் தாண்டிப் போகும் தொலைவு. சித்திரை வெயிலில், நாளொன்றுக்குச் சுமார் பத்து மைல் என்று பதினைந்து நாள் நடந்தார்கள்.

வழியிலோ பெரும் பகுதி தஞ்சாவூர் மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். கெட்டிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். நடப்பவர்களைத் தடியால் அடித்தால் ஊரே கொதிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவர் கை வைத்தது சோற்றில். இந்தப் படைக்கு இடம் கொடுப்பவருக்கும் உணவு கொடுப்பவருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்று அறிவித்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவு இதற்குக் கைகொடுத்தது. துண்டுப் பிரசுரங்களிலும் தண்டோராவிலும் செய்தி ஊர் ஊராகப் போயிற்று. பட்டினியும் தனிமையும் சேர்ந்தால் படை தானே கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவர் பெயர் ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கும். ராஜாஜி அதை வைத்தே சிலேடையாகப் பதில் சொன்னார். ஆனால் சிலேடையால் நூறு வயிறு நிறையாதே!

படை திருவையாறு, தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணத்தை நெருங்கியது. பாதி வழி இன்னும் ஆகவில்லை. ஆயினும் இந்தப் பயணத்தில் கும்பகோணம் ஒரு முக்கியமான கட்டம். காவிரியை ஒட்டிக் கிழக்கே வந்த பாதை இதன் பிறகு தெற்கே திரும்பி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று கடலை நோக்கும். கோயிலும் குளமும் நிறைந்த பெரிய ஊர். செல்வர்களும் வக்கீல்களும் வாழும் ஊர். இழப்பதற்கு நிறைய உள்ளவர்கள் அஞ்சுவதும் இயல்புதானே? இங்கே கதவுகள் அடைபட்டால், அடுத்து வரும் சிற்றூர்களில் எந்தக் குடியானவன் துணிந்து அடுப்பு மூட்டுவான்?

அந்த ஊரில் பந்துலு ஐயர் என்பவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். தொண்டர்களைத் தங்க வைத்தார், உணவளித்தார். கலெக்டர் சொன்னபடியே செய்தார். பந்துலு ஐயருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. தமக்கு இது வரும் என்று தெரிந்தே இலை போட்டவர் அவர். பின்னர் திருத்துறைப்பூண்டியில் இராமச்சந்திர நாயுடு என்பவரும் உணவளித்ததற்காகக் கைதானார்.

கிராமத்து மக்கள் இன்னொரு வழி கண்டார்கள். சோற்றைக் கட்டி, பாதையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் படை இளைப்பாறும்போது, யாரோ ஒருவர் கண்ணால் காட்டுவார். அங்கே போய்ப் பார்த்தால் மண்ணுக்குள் பெரிய பாத்திரத்தில் உணவு இருக்கும். கொடுத்தவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் சொல்ல முடியும்? மரத்தைக் கைது செய்ய முடியாதல்லவா? இப்படிச் சமைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

நேயர்களே, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சொல்லும்போது உங்களில் சிலருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்கள் நினைவுக்கு வரலாம். அந்த வட்டாரங்களிலிருந்துதான் எத்தனையோ குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தன.

ஏப்ரல் 28ஆம் நாள் படை வேதாரணியம் சேர்ந்தது. அங்கே வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்று வேண்டியதைச் செய்தார். அதற்காக அவரும் சிறை சென்றார், சொத்தையும் இழந்தார். 30ஆம் நாள் விடியற்காலையில் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அவருக்கும் ஆறு மாதம்தான். சோறு போட்டவருக்கும் உப்பு அள்ளிய தலைவருக்கும் ஒரே அளவு தண்டனை!

அதே ஊரில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன் என்று ஒருவர் இருந்தார். சவரம் செய்துகொள்ள வந்தவர் ஒரு போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும், கத்தியை மடித்து வைத்துவிட்டார். மிரட்டியும் மீதியைச் செய்ய மறுத்தார். அவரும் சிறைக்குப் போனார். வேதாரணியத்தில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் அந்த மாணவிக்குச் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவள், "மரத்துல கட்டுன சோத்தக் காக்கா கொத்தாதா சார்?" என்றாள்.