புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் தேர்ச்சியும் மாணவர் பின்புலமும்

நோணாங்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் சுண்ணாம்பாற்றின் கரையில் அமைந்த ஊர். அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. வெளியூர் மக்கள் இதைப் படகுத்துறையால் அறிவர். இத்தகைய ஊர்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டும் தூரத்தில் வந்தது அண்மைக் காலத்தில்தான். ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவு வெளியாகும்போது அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடு தனியார் பள்ளிகளுடன் ஒப்பிடப்படுகிறது. அந்த ஒப்பீட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள, அரசுப் பள்ளியில் யார் படித்தார்கள், எந்தத் தேர்வை எழுதினார்கள் என்ற வரலாறு தேவை.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

இன்றைய பிரெஞ்சு லிசேயின் தொடக்கம் 1826. முதலில் அது ஐரோப்பியர் பிள்ளைகளுக்கான கல்லூரி. மறைப்பணியாளர்களின் பெத்தி செமினேர் 1844-இல் தோன்றியது. 1877-இல் கல்வே சுப்புராய செட்டியாரின் கொடையால் கல்வே கல்லூரி எழுந்தது. பாவேந்தர் பாரதிதாசன் அங்குத் தமிழ் பயின்றவர். 1909-இல் அரசுப் பள்ளித் தமிழாசிரியராகி 1946-இல் ஓய்வு பெற்றார்.

இந்நிறுவனங்கள் எல்லாம் நகரத்தில் இருந்தன. சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் தொடக்கக் கல்வி மட்டுமே. அதற்கு மேல் படிக்க நகரத்தில் தங்க வேண்டும், அல்லது நாள்தோறும் நடக்க வேண்டும். ஆகவே அக்காலத் தேர்ச்சிக் கணக்கு என்பது, வடிகட்டப்பட்ட சிலரின் கணக்கு. பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் முறை பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930-இல், இங்குத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது.

இணைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது; 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் அமைக்கப்படவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. தமிழ்நாடு 1978-இல் மேல்நிலைக் கல்வியைக் கொண்டுவந்தபோது, புகுமுக வகுப்புக்காகக் கல்லூரிக்குப் போக வேண்டிய நிலை நீங்கி, பன்னிரண்டாம் வகுப்பு பள்ளிக்குள்ளேயே வந்தது. கொம்யூன்களில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பெருகின. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்களுள் மிகப் பலர் இப்பள்ளிகளின் மாணவர்களே.

2001 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் எழுத்தறிவு 81.24 விழுக்காடு. 2011-இல் அது 85.85 ஆனது. பெண்களின் எழுத்தறிவு அதே பத்தாண்டில் 73.90-லிருந்து 80.67-க்கு உயர்ந்தது. நடந்து செல்லும் தூரத்தில் பள்ளி அமைந்தது பெண் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. மதிய உணவு, காலையில் பால், மாணவர் சிறப்புப் பேருந்து ஆகியவை வருகையைத் தாங்கிப் பிடித்தன.

மாணவர் பின்புலத்தின் மாற்றம்

ஒரு காலத்தில் ஊரின் ஆசிரியர் பிள்ளையும், கடைக்காரர் பிள்ளையும், கூலித் தொழிலாளி பிள்ளையும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தனர். ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் பெருகியபின், கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் விலகின. மீன்பிடி, விவசாயக் கூலி, கட்டட வேலை, சிறு வியாபாரம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே அரசுப் பள்ளியில் பெரும்பங்கினர் ஆயினர். தனியார் பள்ளி தன் மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளி வருகிற எல்லாரையும் சேர்க்கக் கடமைப்பட்டது. ஒப்பீட்டில் பலரும் மறப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

தேர்ச்சி விழுக்காடு காட்டுவதும் மறைப்பதும்

தேர்வு எழுதியவர்களுள் தேறியவர் எத்தனை பேர் என்பதே தேர்ச்சி விழுக்காடு. எழுதாமல் நின்றவர் அதில் இடம்பெறுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர். அவர்களில் 30 பேர் நிறுத்தப்பட்டோ விலகியோ போக, 70 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி 66 பேர் தேறினால், தேர்ச்சி 94 விழுக்காடு. மற்றொரு பள்ளி 100 பேரையும் எழுத வைத்து 85 பேர் தேறினால், தேர்ச்சி 85 விழுக்காடு. முடிவுப் பட்டியலில் முதல் பள்ளி முந்துகிறது. ஆனால் பிள்ளைகளைக் கரை சேர்த்தது இரண்டாவது பள்ளி. நூறு விழுக்காடு வேண்டுமென்ற நெருக்கடி, மெல்லக் கற்கும் மாணவரை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியேற்றும் ஆபத்து உடையது.

மத்தியப் பாடத்திட்டம்

2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. முதல் அணி 2025-இல் பொதுத்தேர்வு எழுதியது. அந்த மாணவர்கள் எட்டாம் வகுப்பு அல்லது பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து, இரண்டே ஆண்டுகளில் புதிய முறைக்கு மாறியவர்கள். மத்திய பாடநூல்கள் அப்போது தமிழில் வெளிவராததால், அறிவியலையும் கணக்கையும் தமிழில் கற்றவர்களுக்குச் சுமை இரட்டிப்பானது.

தனியார் பள்ளிகள் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தொடர்கின்றன. தமிழ்நாட்டில் தேற 35 மதிப்பெண், சி.பி.எஸ்.இ.யில் 33 விழுக்காடு. வினா அமைப்பும் வேறு. ஆகவே இருவகைப் பள்ளிகளின் விழுக்காட்டையும் இனி ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

உயர்கல்வி வாய்ப்பு

நீட் தேர்வு வந்தபின், பயிற்சி மையக் கட்டணம் செலுத்த இயலாத அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடம் எட்டாக்கனியானது. தமிழ்நாடு 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. புதுச்சேரியில் 2023-இல் 10 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பின்புலம் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதை அரசே ஏற்றதற்கு இவை சான்று.

முடிவுகளைப் படிக்கும் முறை

ஒரு பள்ளியின் முடிவை மதிப்பிடும்போது நான்கு வினாக்கள் உதவும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தோரில் எத்தனை பேர் தேர்வு எழுதினர்? அவர்களின் வீட்டுச் சூழல் என்ன? எந்த மொழியில், எந்தப் பாடத்திட்டத்தில் படித்தனர்? தேறியபின் மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர்? நோணாங்குப்பம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி செய்யும் பணி, இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.