ரந்தாவ் அபாங் கற்பித்த பாடம்

பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதன் விலங்கியல் துறையில் 1960களில் பணியாற்றியவர் ஈ. பாலசிங்கம். ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்ந்த இவ்வறிஞரின் கவனம், தீபகற்பத்தின் மறுகரையில் உள்ள திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கும் சென்றது. அங்கு முட்டையிட வந்த பேராமையே அதற்குக் காரணம்.

முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் கொண்ட அதனைத் தமிழக மீனவர் ஏழுவரி ஆமை என்பர். மலாய் மக்களோ பெலிம்பிங் பழத்தின் விளிம்புகளை நினைந்து ‘பெனியு பெலிம்பிங்’ என அழைத்தனர். 1956இல் திரங்கானுக் கரையில் 10,000க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. ஆனால் முட்டைகளுள் பெரும்பகுதி உணவுக்காகச் சந்தைக்குச் சென்றது.

இந்நிலையில், 1961இல் மலாயா இயற்கைக் கழகம் முட்டைகளை விலைகொடுத்து வாங்கி, பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணியைத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டுப் பொரிப்பகப் பணியின் முடிவுகளையும் இவ்வாமையின் வாழ்க்கைச் சூழலையும் பற்றிப் பாலசிங்கம் 1967இல் கட்டுரைகள் வெளியிட்டார்.

இத்தனை முயற்சிக்குப் பின்னரும் 1995இல் காணப்பட்ட கூடுகள் 37 மட்டுமே. ஆமைக்குஞ்சு வளர்ந்து கரைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, முட்டைகளை இழந்ததன் விளைவு ஒரு தலைமுறை கடந்தே வெளிப்பட்டது. ஆழ்கடல் மீன்வலைகளும் தாயாமைகளைக் கொன்றன.

மற்றொரு காரணம் பொரிப்பகத்துள்ளேயே இருந்தது. மணலின் வெப்பமே ஆமைக்குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். ஊர்வனவற்றில் இத்தகைய இயல்பு உண்டென்பதை ஓணான் முட்டைகளைக் கொண்டு மாதலேன் சார்னியே செனகலின் டாக்கார் நகரிலிருந்து முதன்முதலாக அறிவித்தது 1966இல்தான். அது கடலாமைக்கும் பொருந்தும் என்று உலகம் உணரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. நிழலற்ற பொரிப்பகத்தின் வெப்பத்தில் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகவே பிறந்திருக்கும் என்பதைத் திரங்கானுவில் ஆய்வு நடத்திய சான் எங் ஹெங், லியூ ஹோக் சார்க் ஆகியோர் 1990களில் எடுத்துக்காட்டினர்.

முன்னோடிகளைக் குறைகூற இவ்வரலாறு இடந்தராது. அவர்கள் தம் காலத்து அறிவைக் கொண்டு செயலாற்றினர். செய்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தனர். கூடுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பதிவாகியிராவிட்டால், வீழ்ச்சியின் அளவை நாம் அறிந்திருக்க முடியாது. பொரிப்பகத்தின் நடைமுறை எழுதப்படாதிருந்தால், பிழை எங்கே நேர்ந்தது என்பதும் விளங்கியிராது.

வனவிலங்குத் துறையை நாடும் மாணவர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். அன்பு மட்டும் ஓர் உயிரினத்தைக் காப்பாற்றாது. இடைவிடாத ஆய்வும், கண்டதைக் கண்டவாறே அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் நேர்மையும் அதனுடன் சேர வேண்டும். ரந்தாவ் அபாங்கில் அறிவு தாமதமாக வந்தது. ஆமைகளைக் காக்க அது போதவில்லை. இனிவரும் பொரிப்பகங்களுக்கு அது வழிகாட்டும்.