ஓடுகிறவனுக்குத் தண்ணி காட்டிய கதை

1904, ஆகஸ்ட் 30. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். மத்தியானம் மூன்று மணி. வெயில் சுமார் 32 டிகிரி. ‘இவ்வளவுதானா?’ என்று சென்னைக்காரர்கள் சிரிக்கக்கூடாது. அந்த வெயிலில் 40 கிலோமீட்டர் ஓட வேண்டும். தார் ரோடு இல்லை, புழுதி ரோடு. நடுநடுவே மேடுகள். போதாக்குறைக்கு, அதிகாரிகளையும் டாக்டர்களையும் ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் கார்கள். அவை கிளப்புகிற புழுதி மொத்தமும் ஓடுகிறவர் வாய்க்குள்.

அது மூன்றாவது ஒலிம்பிக். மாரத்தானில் கிளம்பியவர்கள் 32 பேர். ஓடி முடித்தவர்கள் 14 பேர்.

மிச்சப்பேர் என்ன ஆனார்கள்? வில்லியம் கார்சியா என்பவர் வழியில் சுருண்டு கிடந்தார். விழுங்கிய புழுதி உள்ளே ரணமாக்கி, வயிற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஃப்ரெட் லார்ஸ் என்பவர் ஒன்பதாவது மைலில் கால் பிடித்துக்கொள்ள, ஒரு காரில் ஏறிக்கொண்டார். கார் மக்கர் பண்ணியதும் இறங்கி மறுபடி ஓடி, முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். கூட்டம் கைதட்டியது. அப்புறம் விஷயம் தெரிந்து விரட்டினார்கள். கியூபாவிலிருந்து வந்த ஃபெலிக்ஸ் கார்வஹால் ஒரு தபால்காரர். பசி தாங்காமல் வழியில் ஆப்பிளைப் பறித்துத் தின்றார். வயிறு கலக்கியது. படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, எழுந்து ஓடி நான்காவதாக வந்தார்!

சிரிப்பதெல்லாம் இத்தோடு போதும். ஜெயித்தவர் கதை வேறு மாதிரி.

அவர் பெயர் தாமஸ் ஹிக்ஸ். மைதானத்துக்கு இன்னும் பல மைல் இருக்கும்போதே தண்ணீர் கேட்டார். கூட வந்தவர்கள் தரவில்லை. பஞ்சில் நனைத்து வாயை மட்டும் துடைத்துவிட்டார்கள். ஆள் துவண்டு விழப்போனபோது என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஸ்ட்ரிக்னின். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம். ஊக்க மருந்தாம். கூடவே முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி. கண் செருக, ஏறக்குறைய தூக்கிக்கொண்டுவந்த நிலையில் எல்லைக்கோட்டைத் தாண்டினார். 3 மணி 28 நிமிடம். தங்கப் பதக்கம்.

அந்தப் பாதை முழுக்கத் தண்ணீர் கிடைத்தது இரண்டே இடங்களில். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கிணறு. பஞ்சம் ஒன்றும் இல்லை. போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார். தண்ணீர் இல்லாமல் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஆசை.

இத்தனைக்கும் 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை ஜெயித்த ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து பிழைத்தவர்!

* * *

சல்லிவனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்தக் காலத்து ஞானமே அதுதான். ஓட்டக்காரன் தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், பக்கவாட்டில் பிடிக்கும், ஆள் சோர்ந்துவிடுவான். 1909-ல் அதே சல்லிவன் மாரத்தான் பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஓடும்போது தின்பதும் குடிப்பதும் கெட்ட பழக்கம் என்பது அதில் அவர் தந்த அறிவுரை. ‘வெயில்ல வந்தவுடனே தண்ணி குடிக்காதே’ என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி.

இந்த ஞானம் சட்டமாகவும் ஆனது. 1950-களின் சர்வதேச விதிகளின்படி, மாரத்தானில் முதல் பதினைந்து கிலோமீட்டருக்குத் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது. குடிக்காமல் ஓடி முடித்தவன் வீரன். குடித்தவன் சொத்தை.

1954-ல் கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விளையாட்டுப் போட்டி. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், அன்றைய தேதிக்கு உலகத்திலேயே வேகமான மாரத்தான் ஓட்டக்காரர். நல்ல வெயில். மைதானத்துக்குள் நுழைந்தபோது அடுத்த ஆளைவிட 17 நிமிடம் முன்னால் இருந்தார். மிச்சம் ஒரு சுற்றுகூட இல்லை. விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். சுமார் 200 மீட்டர் நகர 11 நிமிடம். எல்லைக்கோட்டை அவர் தொடவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அவர் போட்டியில் ஓடவும் இல்லை.

ஆக, ‘குடிக்காதே’ என்பது அபாயம். இது புரிய அரை நூற்றாண்டு ஆனது. புரிந்த பிறகு நடந்ததுதான் விசேஷம்.

* * *

1965. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். அங்கே கேட்டர்ஸ் என்று ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம். கேட்டர் என்றால் முதலை. வெயிலில் பயல்கள் வாடிப்போகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ராபர்ட் கேட் என்கிற சிறுநீரக டாக்டர் தண்ணீரில் உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தார். ஏறக்குறைய நம் வீட்டு எலுமிச்சை ஜூஸ்தான். அவர்கள் அதற்கு கேட்டரேட் என்று பெயர் வைத்து பாட்டிலில் அடைத்தார்கள். 1967-லேயே ஒரு கம்பெனி உரிமையை வாங்கியது. 1983-ல் க்வேக்கர் ஓட்ஸுக்குப் போனது. 2001-ல் பெப்சிகோவிடம் வந்தது.

1969-ல் தென்னாப்பிரிக்காவின் விண்டம், ஸ்டிரைடம் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மாரத்தானில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் என்ன ஆபத்து என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இதே நேரத்தில் ஓடுகிறவர்களே மாறிப்போனார்கள். 1970-ல் முதல் நியூயார்க் மாரத்தானில் கிளம்பியவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். அடுத்த பத்து வருடத்தில் அது ஆயிரக்கணக்கானவர்களின் திருவிழா ஆனது. பழைய பந்தயக்காரர்கள் இரண்டரை மணியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர்கள் ஆபீஸ் போகிறவர்கள், இல்லத்தரசிகள், தொப்பையைக் குறைக்க நினைப்பவர்கள். நாலு மணி, ஐந்து மணி நேரம் ஆகும். வழியெல்லாம் மேஜை. மேஜையெல்லாம் டம்ளர்.

அறிவுரை தலைகீழாகத் திரும்பியது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. தாகத்தை நம்பாதே. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி. 1996-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு, மணிக்கு 600 முதல் 1,200 மில்லி வரை குடிக்கலாம் என்று கணக்கே கொடுத்துவிட்டது.

எனக்கு மருத்துவம் தெரியாது. படித்தது பி.காம். ஆனால் வரவு செலவு புரியும். மெதுவாக ஓடுகிற ஒல்லியான ஒரு பெண்மணிக்கு, குளிர்ச்சியான நாளில், மணிக்கு அரை லிட்டர் வியர்வை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுரைப்படி 1,200 மில்லி உள்ளே போகிறது. ஐந்து மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் உபரி. கம்பெனிக் கணக்கில் உபரி வந்தால் ஸ்வீட் கொடுக்கலாம். உடம்பில்?

* * *

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் மாரத்தான் என்று ஒன்று உண்டு. பெயர்தான் மாரத்தான். தூரம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் செத்த தோழர்களின் நினைவாக 1921-ல் ஆரம்பித்தது. மலையும் மேடுமான ரோடு.

1981-ல் அதில் ஓடிய ஒரு பெண்மணி, வழியில் தடுமாறினார். கட்டிய கணவரையே அடையாளம் தெரியவில்லை. மருத்துவக் கூடாரத்தில் பார்த்தார்கள். ஓடிக் களைத்திருக்கிறார், வேறென்ன? நீர் வறட்சிதான். நரம்பில் திரவம் ஏற்றினார்கள். நிலைமை மோசமானது. வலிப்பு வந்தது. நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தால், சோடியம் 115. இருக்க வேண்டியது 135-க்கு மேல்.

அவர் உடம்பில் தண்ணீர் குறையவில்லை. வழிந்துகொண்டிருந்தது. வழியில் இருந்த மேஜைகளில் எல்லாம் ஒழுங்காகக் குடித்திருந்தார். சொன்னபடி கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். கேப் டவுனைச் சேர்ந்த டாக்டர் டிம் நோக்ஸ், இது மாதிரி நான்கு பேரைப் பற்றி 1985-ல் தன் சகாக்களோடு எழுதினார். ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீரே விஷமாகலாம் என்று உலகத்துக்குச் சொன்ன முதல் கட்டுரைகளில் ஒன்று.

சங்கதி இதுதான். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் சிறுநீரகம் உபரியை வெளியே தள்ளிவிடும். நெடுந்தூரம் ஓடும்போது, தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன் தொடர்ந்து சுரக்கிறது. வாசல் அடைபடுகிறது. தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. கை கால் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால்? சுற்றிலும் மண்டையோடு. அதற்குப் போக இடமில்லை.

‘ஸ்போர்ட்ஸ் டிரிங்கில்தான் உப்பு இருக்கிறதே?’ இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதில் கால் பங்குகூட வராது. லிட்டர் கணக்கில் ஊற்றினால் அதுவும் நீர்த்துப்போகத்தான் வைக்கும்.

நோக்ஸ் சொன்னதைப் பலர் அபூர்வ வியாதி என்று ஒதுக்கினார்கள். 2002, பாஸ்டன் மாரத்தான். 28 வயதுப் பெண் ஒருவர் ஓடும்போதே விழுந்து, இறந்துபோனார். காரணம் அதே சோடியம். தாராளமாகக் குடித்தது தண்ணீர்கூட இல்லை, ஸ்போர்ட்ஸ் டிரிங்க். அதே பந்தயத்தில் வேறு ஓர் ஆராய்ச்சிக்காக 488 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. முடிவு 2005-ல் வெளிவந்தது. 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஏழெட்டுப் பேரில் ஒருவர்! பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. யாருக்கு ஆபத்து அதிகம் என்றும் அந்த ஆராய்ச்சி சொன்னது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள். ஓடி முடித்தபோது, கிளம்பிய எடையைவிட அதிகமாக இருந்தவர்கள்.

42 கிலோமீட்டர் ஓடி எடை கூடுவதா? கூடியிருந்தது.

* * *

காட்டுப் பாதைப் பந்தயங்களிலும் இதே கதை. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் 161 கிலோமீட்டர், மலைப் பாதை. அப்போதெல்லாம் வழியில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். ரொம்பக் குறைந்திருந்தால் பந்தயத்திலிருந்து நிறுத்திவிடலாம் என்று விதி இருந்தது. அதற்குப் பயந்தே குடித்தால்? 2009-ல் முடித்தவர்களில் 47 பேரைச் சோதித்தபோது, 30 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைவு.

அதே 2009-ல் துபாய் மாரத்தான். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2 மணி 5 நிமிடத்தில் ஜெயித்தார். அன்று அவர் உடம்பிலிருந்து கரைந்தது எடையில் கிட்டத்தட்ட பத்து சதவிகிதம். ‘இரண்டு சதவிகிதம் குறைந்தாலே ஓட்டம் படுத்துவிடும்’ என்ற பயமுறுத்தல் அந்த மனிதர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், பானக் கம்பெனிகளுக்கும் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் இடையே உள்ள பண உறவைத் துருவி எழுதியது. அறிவுரை சொன்ன எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. நல்ல எண்ணத்தில் சொன்னவர்களே அதிகம். சல்லிவனின் காலத்திலும் அப்படித்தான். ஆனால் ‘குடி’ என்று சொன்னால் விற்பனை ஆகும். ‘தாகம் எடுத்தால் குடி’ என்று சொன்னால் விற்க என்ன இருக்கிறது?

2005-ல் கேப் டவுனிலும், 2015-ல் கலிஃபோர்னியாவிலும் கூடிய நிபுணர்கள் சொன்னது அந்த விற்க முடியாத அறிவுரையைத்தான். தாகத்துக்குக் குடி. அவ்வளவுதான். நடுவில் 2007 லண்டன் மாரத்தானில் 22 வயது இளைஞர் ஒருவரையும் அதிகத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது.

மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறவருக்கு இது தெரியும். தொட்டிக்குக் கூட்டிப்போவார். மாடு வேண்டிய அளவு குடிக்கும், தலையைத் தூக்கிவிடும். மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை மனுஷனின் தாகத்துக்கு நூறு வருடமாக நாம் கொடுக்கவில்லை. இன்னொரு அர்த்தத்தில் தண்ணி காட்டியிருக்கிறோம்.

அதற்காக வெயிலில் குடிக்காமல் ஓடுங்கள் என்று சொல்லவரவில்லை. அது மறுபடி செயின்ட் லூயிஸுக்குப் போகிற வழி. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை அதிகம், தாகமும் அதிகம். எடுத்தால் குடியுங்கள். எடுக்காவிட்டால், டம்ளரை நீட்டுகிற தம்பிக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் தாண்டிப் போங்கள். பயிற்சி நாளில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால், நீங்கள் குடித்தது அதிகம்.

கடைசியாக ஒன்று. பந்தயத்தில் யாராவது தலைவலி, வாந்தி என்று உட்கார்ந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அது வெயில் தாக்கியதாக இருக்கலாம், தண்ணீர் மிஞ்சியதாகவும் இருக்கலாம். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். டாக்டர் வருவதற்குள் பாட்டிலை அவர் வாயில் சரிக்காதீர்கள். ‘இதுவரைக்கும் எவ்வளவு குடிச்சீங்க?’ என்று மட்டும் கேட்டுவையுங்கள். 1981-ல் அந்தக் கூடாரத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.