வழிசெலுத்தல்: முத்துக்குளித்துறைக் கடல்வழி மரபும் தமிழ் விக்கிப்பீடியாவின் இடப்பக்கப் பட்டையும்

திறவுச்சொற்கள்: வழிசெலுத்தல் பட்டை, பார், கணிச்சம், ஆலமரத்தடி, வழிமாற்று

முன்னுரை

வலைவாசல் மென்பொருள்களில் வழிசெலுத்தல் பட்டை மாற்றியமைக்கப்படும்போது அதனை வடிவமைப்பாளர்தம் சிக்கலாக மட்டுமே காணும் போக்கு நிலவுகிறது. எந்தப் பொத்தான் எங்கே அமைய வேண்டும், எத்தனை இணைப்புகள் கண்ணில் பட வேண்டும் என்பனவே அங்கு எழும் வினாக்கள். பட்டையில் நிற்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இக்கட்டுரை தமிழ் விக்கிப்பீடியாவின் இடப்பக்கப் பட்டையைத் தூத்துக்குடிக் கடற்கரையின் கடல்வழி மரபோடு ஒப்பவைத்து நோக்குகிறது.

இவ்வொப்பீடு வலிந்து கொள்ளப்பட்டதன்று. ‘நேவிகேசன்’ என்னும் சொல் கப்பலோட்டுதலைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 1994இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவி ‘நேவிகேட்டர்’ என்றே பெயர் பூண்டது. 2003இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சஃபாரி உலாவி திசைகாட்டியைச் சின்னமாகக் கொண்டது. ஆங்கிலம் தன் கடல்மொழியை இணையத்துக்குள் கொண்டுசென்றது என்பது இவற்றால் விளங்கும். தமிழ் இணையம் அச்சொற்களைத் தன் கடலிலிருந்து எடுத்ததா, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பாரும் அடையாளமும்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத்திட்டுகள் ‘பார்’ எனப்படும். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள பார்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பால், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. நீர்ப்பரப்பில் அவற்றைக் காட்டும் குறி எதுவுமில்லை. கரையிலுள்ள கோபுரம், பனைக்கூட்டம், மேடு முதலியவற்றுள் முன்னொன்றும் பின்னொன்றும் நேர்கோட்டில் வரும்படி பார்த்து, வேறொரு திசையிலும் அவ்வாறே மற்றோர் இணையைப் பொருத்தி, இரு கோடுகளும் வெட்டுமிடத்தைப் பாரெனக் கொள்வது தென்கடற்கரை மீனவர் மரபு. குமரி – திருவனந்தபுரம் கரையில் இதனைக் ‘கணிச்சம்’ என்பர். (‘கணி’ என்னும் வேரைக் கணினியோடு பகிர்ந்துகொள்வதாகத் தோன்றும் இச்சொல் கணினித்துறைக் கலைச்சொல்லாக்கத்தில் இடம்பெறாதது வியப்பே.) திசையையும் இக்கரையோர் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயரால் சுட்டுவர்.

காலனிய அரசு முத்துக்குளிப்பை நேரடியாக நடத்தியபோது இவ்வறிவின்மீது வேறொரு முறையை ஏற்றிவைத்தது. குளிப்புக்குரிய எல்லை மிதவைகளாலும் கொடிகளாலும் குறிக்கப்பட்டது. எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகியோர் பார்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினர். வழிகாட்டும் முறை மாறியது. ஆயினும் பெயர்கள் மாறவில்லை. ‘தோலாயிரம் பார்’ ஆங்கில அறிக்கைகளிலும் தோலாயிரம் பாராகவே நின்றது. அப்பெயரை அறிந்த படகோட்டிகளும் குளியாள்களும் இன்றி அரசால் குளிப்பு நடத்தியிருக்க முடியாது என்பதே இதற்குக் காரணமாகலாம். தூத்துக்குடியில் 1961இல் இறுதிக் குளிப்பு நடந்த பின்னரும் அறிவியல் எழுத்துகளில் அப்பெயர் வழங்கிவருகிறது.

பட்டையும் பெயரும்

2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா, மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. இம்மென்பொருளின் இயல்புத் தோற்றம் 2004இல் மோனோபுக், 2010இல் வெக்டர் என மாறியது. பின்னர் ‘வெக்டர் 2022’ வந்தது. பட்டையின் அமைப்பை மென்பொருள் தீர்மானித்தாலும், அதில் எவ்விணைப்புகள் எப்பெயரில் தோன்ற வேண்டும் என்பதை அந்தந்த மொழிச் சமூகமே தனிப்பக்கமொன்றில் திருத்திக்கொள்ளலாம். எனவே இப்பட்டையில் இருவகைச் சொற்கள் அருகருகே நிற்கின்றன.

‘வழிசெலுத்தல்’ முதல்வகை, ஆங்கிலத் தலைப்பின் நேர்ப்பெயர்ப்பு. செலுத்துதல் மீகாமனின் தொழில். தூத்துக்குடித் தோணியில் அது தண்டலின் பொறுப்பு. கலத்தை ஒருவர் செலுத்துவார். பட்டையிலோ செலுத்துபவர் யார், செலுத்தப்படுவது எது என்பது தெளிவில்லை. வாசகர் அங்குச் செய்வது இரண்டு மூன்று அடையாளங்களைப் பார்த்துத் தாம் நிற்குமிடத்தை அறிவது. அது செலுத்துதலைவிடக் கணிச்சத்துக்கே நெருங்கியது. ‘வழிசெலுத்தல்’ பிழையன்று, ஆனால் பயனரின் செயலை அது சுட்டவில்லை.

‘ஆலமரத்தடி’ மற்றொரு வகை. ஆங்கில விக்கிப்பீடியாவில் பொது உரையாடற் பக்கம் ‘ஊர்க்குழாயடி’ என்னும் பொருள்படும் பெயருடையது. தமிழ்ப் பயனர்கள் அதனைப் பெயர்க்காமல், ஊர் கூடிப் பேசும் இடத்தின் பெயரையே இட்டனர். அச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திசைமாற்றும் பக்கத்துக்கு அமைந்த ‘வழிமாற்று’ என்னும் சொல்லும் பயன்பாட்டால் வேரூன்றியது.

வழிமாற்றின் பயன் தூத்துக்குடியைப் பொறுத்தவரை சிறியதன்று. இத்துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது; 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 1986இல் சிதம்பரனார் பெயரில் உருவான மாவட்டம் பின்னர்த் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. 2020 சூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி வெளியிட்ட ஆணையில் ‘டூட்டிகொரின்’ என்பதும் மாறியது. ஆணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆவணப் பட்டியல்களிலோ பழைய பெயரே மிகுதி. முத்துக்குளிப்பு ஆவணம் தேடும் ஆய்வாளர் பழம்பெயரைத் தட்டினாலும் உரிய பக்கத்தை அடையச் செய்வது வழிமாற்றே. பழைய அடையாளத்தை அழிக்காமல் புதியதை நிறுவும் முறை இது.

வெக்டர் 2022இல் பொருளடக்கம் இடப்பக்கத்துக்கு வந்தது. பிறமொழி இணைப்புகள் மேலே ஒரு பொத்தானுக்குள் சென்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023 சனவரியில் இது இயல்புத் தோற்றமானபோது, பழையதற்கே மீள வேண்டும் என்று நெடிய விவாதம் எழுந்தது. வெற்றிடம், வரியகலம் ஆகியன பற்றி அங்கு மிகுதியாகப் பேசப்பட்டது. தமிழுக்கு வேறொன்று முதன்மையானது. இத்தோற்றத்தில், புகுபதிகை செய்யாத வாசகருக்கு முதன்மைப் பட்டை சுருக்கப்பட்டே கிடைக்கிறது. சமூகம் தானே தேர்ந்து இட்ட ஆலமரத்தடி போன்ற பெயர்கள் அம்மடிப்பினுள் அடங்குகின்றன. அதற்கான திறப்பாக வாசகர் கண்முன் நிற்பது மூன்று கிடைக்கோடுகள் கொண்ட குறி மட்டுமே. அதன்மீது எம்மொழிச் சொல்லும் இல்லை.