மெட்ராஸ் ஜி.எச்.ல தெரிஞ்ச சின்னக் கோடு

திண்டுக்கல்ல இருந்து சென்னை போனவங்களுக்கு சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜி.எச். தெரியும். 1903-ல அங்க டாக்டர் சார்லஸ் டோனவன், விடாத காய்ச்சலோட மண்ணீரல் வீங்கி வந்தவங்களை எல்லாம் மலேரியான்னு ஒதுக்கல. மண்ணீரல்ல ஊசி குத்தி எடுத்ததை மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். முட்டை வடிவ ஒட்டுண்ணிகள். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பெரிய புள்ளி, பக்கத்துல ஒரு சின்னக் கோடு. நோய், காலா அசார். சிகிச்சை இல்லேன்னா பெரும்பாலும் சாவுதான்.

லண்டன்ல லீஷ்மன் சில வாரம் முன்னாடியே இதை வெளியிட்டிருந்தார். ரெண்டு பேரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவானி'ன்னு பேர் வச்சவர் ரொனால்ட் ராஸ்.

பெரிய புள்ளி நியூக்ளியஸ். அந்தக் கோடு, குவிஞ்சு கிடக்கிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிய எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

1986-ல ஆம்ஸ்டர்டாம்ல ராப் பென்னெ குழு, லீஷ்மேனியாவோட சொந்தக்காரனான டிரிபனோசோமை ஆராய்ஞ்சாங்க. ஒரு மைட்டோகாண்ட்ரியா ஜீனை டிஎன்ஏ-ல இருக்கிறபடியே படிச்சா முழுப் புரதம் வராது. ஆனா ஆர்என்ஏ-ல நாலு 'யூ' எழுத்து கூடுதலா இருக்கு! ரெப்போல இருக்கிற கோட் கம்பைலே ஆகாது, ப்ரொடக்‌ஷன் மட்டும் ஜோரா ஓடுது. எனக்குத் தெரிஞ்ச சில ஆபீஸ் மாதிரியே.

1988-ல இன்னொரு ஜீன்ல, ஆர்என்ஏ-ல பாதிக்கு மேல செருகின எழுத்துன்னு தெரிஞ்சது. இந்த பேட்ச் யார் போடறது? 1990-ல, பல்லியில வாழற லீஷ்மேனியாவுல லாரி சிம்ப்சன் குழு 'கைடு ஆர்என்ஏ'க்களைக் கண்டுபிடிச்சது. எங்க எழுத்து சேர்க்கணும், எங்க எடுக்கணும்னு சொல்றது அதுங்கதான். அதுல பெரும்பாலானவை வர்றது அதே கோட்டுக்குள்ள பின்னிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான குட்டி டிஎன்ஏ வளையங்கள்ல இருந்து.

நம்ம மைட்டோகாண்ட்ரியா இப்படி எழுத்து செருகறதில்ல. அதனால இதை மட்டும் நிறுத்தினா ஒட்டுண்ணி சாகும், நோயாளிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மருந்து தேடறவங்க கணக்கு போடறாங்க.