குதிரைப் போர்வை விதி: உரை

மழைதாங்கு மேலுறை ஒன்றே, உள்ளுறை
பலவாய் நாளொடு மாறும், மயிரின்
நிலைநோக்கிக் கொள்க நிறையே, கையால்
தொட்டறிந் தன்றி மிகுத்தல் இன்றே.

என்பது விதி. இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய ஈரக்குளிர் நாடுகளில் கூதிர்க்காலத்தும் குதிரையை மேய்ச்சல்வெளியில் விடுவர். அதற்கு இடும் போர்வையை டர்ன்அவுட் ரக் என்ப. அதனை அடுக்காக அமைக்குமாறு கூறியது இது.

மழைதாங்கு மேலுறை ஒன்றே

'தாங்கு மேலுறை' என்பது வினைத்தொகை. முக்காலத்தும் தாங்கும் என விரியும். நேற்றுத் தாங்கி இன்று ஒழுகுவது மேலுறை ஆகாது. ஆகலின், வெந்நீரும் சலவைத்தூளும் நீர்விலக்குப் பூச்சைக் கெடுக்கும் என்று விலக்குதலும் இச்சொல்லாற் பெறப்படும். மேலுறையின் துணிக்கு 600, 1200, 1680 டெனியர் எனக் கணக்கு உண்டு. டெனியர் என்பது 9,000 மீட்டர் நீள இழையின் கிராம் எடை. அது வலிமை காட்டுமேயன்றி வெம்மை காட்டாது. வேலியில் உரசும் குதிரைக்கும், ஒன்றன் போர்வையை மற்றொன்று கடித்திழுக்கும் மந்தைக்கும் உயர்ந்த எண் வேண்டும். வெம்மை கருதி அவ்வெண்ணை நாடுதல் பிழை.

'ஒன்றே' என்னும் ஏகாரம் பிரிநிலை. நீர்புகா உறை இரண்டை அடுக்கின் வியர்வையின் ஆவி வெளியேற வழியின்றி உள்ளே நீராகும்.

உள்ளுறை பலவாய் நாளொடு மாறும்

'உள்ளுறை' என்றது லைனர் எனப்படும் பஞ்சடைத்த விரிப்பை. அதன் அளவு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்பதாம். கனத்த போர்வை ஒன்று போதாதோ எனின், போதாது. விடியலில் உறைபனி விழுந்து நண்பகலில் வெயில் காயும் நாளில், 300 கிராம் போர்வைக்குள் குதிரை வியர்த்து நனையும். 100 கிராம் ஒன்றும் 200 கிராம் ஒன்றும் இருப்பின், வெறும் மேலுறையொடு கூட்டி மூன்று நிலை கிட்டும். இரண்டையும் ஒருங்கே பூட்டத்தகும் அமைப்பாயின் 300 நான்காவதாம்.

'நாளொடு' என்றதனால் பருவத்தொடு மாற்றுதல் போதாமை உணர்த்தினார். மேலுறையின் விளிம்பைக் கடந்து உள்ளுறை வெளித்தோன்றலாகாது என்பதும் ஈண்டுக் கொள்க. தோன்றின் அவ்விளிம்பு மழைநீரை உறிஞ்சி உள்ளே கொணரும்.

மயிரின் நிலைநோக்கிக் கொள்க நிறையே

இதுவே விதியின் உயிர்நிலை. 'நிறை' என்றது அடைப்பின் எடை. வானிலை நோக்கி என்னாது 'மயிரின் நிலைநோக்கி' என்றார், முதலடுக்கு குதிரையின் மயிரே ஆகலின். குளிரில் அது சிலிர்த்து நின்று காற்றைச் சிறைப்படுத்தும். அடைப்பற்ற மெல்லிய போர்வையோ அம்மயிரை அழுத்திக் காற்றைப் போக்கும். ஈடாகத் தருவது சிறிதே. ஏறத்தாழ 5 முதல் 25 பாகை செல்சியஸ் வரை குதிரை தன் வெம்மையைக் காக்கத் தனியே முயல வேண்டுவதின்று. குளிருக்குப் பழகிய முழுமயிர்க் குதிரை அதனினும் கீழே தாங்கும். வேலையின்பொருட்டு மயிர் கத்தரித்த குதிரையும், முதுமையால் மெலிந்ததும் அங்ஙனம் தாங்கா. அவற்றுக்கே மிகுநிறை உரியது.

உணவும் இங்கு எண்ணற்பாலது. உலர்புல் பெருங்குடலிற் புளித்துச் செரிக்கும்போது வெம்மை பிறக்கும். புல்லைக் குறைத்துப் போர்வையைக் கூட்டுதல் முறையன்று.

கையால் தொட்டறிந் தன்றி மிகுத்தல் இன்றே

'கையால்' என்றமையின் கண்ணால் மதிப்பிடுதலும், தான் குளிர்ந்தமை கொண்டு துணிதலும் விலக்கப்பட்டன. தொடுமிடம் தோளின் பின்புறம், போர்வைக்கு உள்ளே. காது குளிர்ந்திருத்தல் சான்றாகாது. உடல் வெம்மையாயிருப்பினும் காது குளிரும். தோள்புறம் ஈரமாயின் அடுக்கைக் குறைக்க. குளிர்ந்து உடல் நடுங்கின் கூட்டுக. நாள்தோறும் போர்வையைக் களைந்து பார்த்தல் இதனுள் அடங்கும். மெலிவும் தோட்புண்ணும் அதன்கீழ் மறைந்து வளரும்.

குதிரை தன் வேண்டுதலை அறியுமோ எனின், அறியும். நார்வேயில் 23 குதிரைகளுக்குப் போர்வை இடுக, களைக, உள்ளவாறே விடுக என மூன்று குறிகளைப் பயிற்றி, 2016-இல் ஆய்வாக வெளியிட்டனர். அவை வெயில் நாளிற் களைதலையும், மழையும் காற்றும் கூடிய குளிர்நாளில் இடுதலையும் தேர்ந்தன. குறி பயிலாத குதிரையின் வேண்டுதலை அறியும் வழி தொடுதலே என்பது கருத்து.

'மிகுத்தல் இன்றே' என்புழி ஏகாரம் தேற்றம். குறைத்தலுக்கு இத்தடை கூறாமையின், ஐயம் தோன்றியவழிக் குறைத்தலே தகும் என்றவாறு.